சத்தம் வரைபடத்திலேயே இருக்கு

ஒரு சின்ன டெஸ்ட். பக்கத்துல இருக்கிற சிவில் நண்பனைப் பிடிச்சு, "இந்த ரூமுக்கு மேல இருக்கிற ஸ்லாப் என்ன கனம், என்ன கம்பி போட்டிருப்பாங்க?"ன்னு கேளுங்க. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். 125 எம்எம், 8 எம்எம் கம்பி, 150க்கு ஒண்ணு என்று ஆரம்பித்து ஐஎஸ் 456 வரைக்கும் போய்விடுவான். இப்போ இரண்டாவது கேள்வி. "பக்கத்து ரூம்ல நாலு பேர் கேரம் ஆடினா இங்க எவ்வளவு கேட்கும்?" முழிப்பான்.

அவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நாலு வருஷத்தில் ஒலியியல் நமக்கு வருவதே ஏதாவது ஒரு யூனிட்டின் வால் பகுதியில்தான். (ஒலியியல் என்ற வார்த்தையே எனக்கு இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் கிடைச்சுது. இங்கிலீஷ் மீடியம், கண்டுக்காதீங்க.) கட்டிடம் விழக்கூடாது என்பதற்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு போடுகிறோம். அதுக்குள்ள இருக்கிறவங்க தூங்கணும், படிக்கணும், ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குப் புரியணும் என்பதற்கு அரைப் பக்கம்கூட இல்லை.

ஒலி மாசு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஏர் ஹாரன், பட்டாசு, கல்யாண மண்டப ஸ்பீக்கர். எல்லாமே வேற யாரோ செய்யுற தப்பு. நான் சொல்ல வருவது நம்ம துறை செய்யுற தப்பை. நம்மைத் தூங்கவிடாத சத்தத்தில் நிறைய, ஒருத்தர் மேசையில் உட்கார்ந்து பிளான் போட்ட அன்னிக்கே முடிவானது. கட்டி முடித்த பிறகு சுவர் தாண்டி வரும் சத்தம் மட்டுமில்லை, கட்டும்போது தெருவையே அதிரவைக்கும் சத்தமும் அப்படித்தான்.

சுவரிலிருந்து ஆரம்பிக்கலாம். சத்தத்தைத் தடுக்கச் சுவரிடம் இருக்கும் முக்கியமான ஆயுதம் அதன் எடை. ஒரு சதுர மீட்டர் சுவரின் எடை இரண்டு மடங்கானால், அது தடுக்கும் அளவு 5, 6 டெசிபல் கூடும். தாத்தா காலத்து 9 இன்ச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சோடு, சுமார் 50 டெசிபல் தடுக்கும். டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதால் இந்த 50ஐச் சாதாரணமா நினைக்காதீங்க. அந்தப் பக்கம் இருக்கும் ஒலி ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குதான் இந்தப் பக்கம் வருகிறது என்று அர்த்தம். இப்போ அடுக்குமாடிகளில் உள் சுவர் பெரும்பாலும் 4 இன்ச் ஏஏசி பிளாக். ஒரு கன மீட்டர் சுமார் 600 கிலோ. செங்கல் அதைப் போல மூணு மடங்கு. சுவர்க் கனமும் பாதிக்குக் கீழே. பூச்சையும் சேர்த்துப் பார்த்தால் சுவரின் எடை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகிவிடுகிறது, தடுப்பில் 10 டெசிபல் அளவுக்குக் காணாமல் போகிறது. 10 டெசிபல் கூடினால் நம்ம காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

ஏஏசி வேண்டாம்னு சொல்லலை. பில்டிங் எடை குறையுது, கம்பி மிச்சமாகுது, வெயில் சூடு உள்ளே இறங்குறதும் குறையுது. நல்ல பொருள். ஆனால் இரண்டு வீட்டுக்கு நடுவில் வரும் பொதுச் சுவர், இரண்டு ஹாஸ்டல் ரூமுக்கு நடுவில் வரும் சுவர், இந்த இரண்டு இடத்தில் மட்டும் கனமான சாலிட் பிளாக் போடலாமே? டிராயிங்கில் அந்தச் சுவருக்கு வேற கோடு போட்டுக் குறித்துவிட்டால் முடிந்தது.

சுவரை மட்டும் பலமாக்கி ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏன்னா அதில் ஒரு கதவு இருக்கு. நம்ம ஹாஸ்டல் ரூம் கதவுக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சந்து இருப்பதைப் பார்த்திருப்பீங்க. (பல்லிகளின் மெயின் கேட்.) 10 அடிக்கு 10 அடி சுவர், அதில் ஒரு ஃபிளஷ் டோர், அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் சந்து என்று வைத்துக் கணக்கு போட்டுப் பார்த்தேன். மொத்தச் சுவரின் பரப்பில் அந்தச் சந்து ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. அவ்வளவுதான். ஆனா 50 டெசிபல் தடுத்த சுவர், கதவும் சந்தும் சேர்ந்ததும் 27க்கு இறங்கிடுது. லட்சத்தில் ஒரு பங்கு வந்துகொண்டிருந்த இடத்தில் ஐநூறில் ஒரு பங்கு வருகிறது. செங்கல் விலை, கொத்தனார் கூலி, பூச்சு எல்லாம் அந்தச் சந்து வழியா வெளியே போச்சு. கதவுக்கு அடியில் ஒரு ரப்பர் பட்டை, சட்டத்தைச் சுற்றி ஒரு ஸ்டிரிப் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். நீங்களே இந்த வாரம் செய்யலாம். பல்லிக்கும் நல்லது, வேற ரூம் பார்த்துக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். மியூசிக் கிளப் ரூமில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்காங்க. உழைப்புக்கு ஒரு சல்யூட். ஆனா டிரம்ஸ் சத்தம் வெளியே வராமல் இருக்க அது உதவாது. உள்ளே எதிரொலிப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அதுவும் மேல் ஸ்தாயியில் மட்டும். மெத்தென்ற, துளைகள் உள்ள பொருள் சத்தத்தை உறிஞ்சும். கனமான, ஓட்டை இல்லாத பொருள்தான் தடுக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. காம்பவுண்ட் ஓரம் வரிசையா நெட்டிலிங்கம் நட்டால் ரோட்டுச் சத்தம் குறையும் என்று நம்புவதும் இந்த ரகம்தான். ஒரு வரிசை மரம் ரோட்டைக் கண்ணிலிருந்து மறைக்கும், காதிலிருந்து மறைக்காது.

அப்போ உறிஞ்சுவது எதுக்குத் தேவை? நம்ம கிளாஸ் ரூமுக்கு.

இந்தக் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1895ல் ஹார்வர்டில் புதுசாகக் கட்டின ஃபாக் மியூசியத்தின் லெக்சர் ஹாலில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. ஒரு சத்தம் எழுப்பினால் அடங்க ஐந்தரை வினாடி ஆச்சு. சரி செய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் விட்டார்கள். அப்போது அவருக்கு வயசு 27. சத்தம் இல்லாத ராத்திரி நேரத்தில், ஒரு ஆர்கன் குழாயும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து சீட் குஷன்களை அள்ளி வந்து ஹாலில் பரப்புவார், அளப்பார், திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். மறுபடி கொஞ்சம் அதிகக் குஷன், மறுபடி அளப்பது. இப்படித்தான் கிடைத்தது நாம எக்ஸாமுக்கு மனப்பாடம் செய்யும் அந்த ஃபார்முலா: எதிரொலி அடங்கும் நேரம், 0.161ஐ ரூமின் கன அளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் வரும்.

அதை நம்ம கிளாஸுக்குப் போட்டுப் பார்த்தீங்களா? நான் போட்டேன். நீளம் 10, அகலம் 8, உயரம் 3.5 மீட்டர். வழவழப்பான பூச்சு, விட்ரிஃபைட் டைல்ஸ், வெறும் காங்கிரீட் சீலிங். ஜன்னலை மூடி, ஆளே இல்லாமல் இருந்தால் 5 வினாடிக்கு மேல். சபைனுக்குக் கொடுத்த ஹாலின் கதைதான். 60 பேர் உட்கார்ந்தால் நம்ம உடம்பும் உடுப்பும் உறிஞ்சி 1.4 வினாடிக்குக் கொண்டுவருகிறோம். இந்த அளவு வகுப்பறைக்கு அமெரிக்கத் தரம் சொல்வது 0.6 வினாடி. பேச்சில் வினாடிக்கு நாலைந்து அசை வரும். ஒரு அசை அடங்குவதற்குள் அடுத்த நாலைந்து அதன் மேல் ஏறி உட்காருது. மேலே ஃபேன் சத்தம் வேற. கடைசி பெஞ்ச் கவனிக்கிறதில்லைன்னு எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்போம்? கடைசி பெஞ்சுக்குக் கேட்கவே இல்லை சார் என்பதற்கு இப்போ கணக்கு இருக்கு. (தூங்கினவங்களை நான் டிஃபெண்ட் பண்ணலை.)

சீலிங்கில் பாதிக்கு மட்டும் நல்ல உறிஞ்சு பலகை போட்டால் இதே ரூம் 0.75க்கு வந்துவிடும். நம்ம காலேஜில் ஃபால்ஸ் சீலிங் எங்கே இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஆபீஸ் ரூம், போர்டு ரூம். பேசினால் பத்து பேருக்குக் கேட்க வேண்டிய இடத்தில் இருக்கு, அறுபது பேருக்குக் கேட்க வேண்டிய இடத்தில் இல்லை. மெஸ்ஸைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எவர்சில்வர் தட்டு, கிரானைட் மேசை, தகரக் கூரை.

மேல் மாடி நாற்காலி சத்தம் இன்னொரு வகை. காற்றில் வரும் பேச்சை ஸ்லாப் நன்றாகவே தடுக்கும், அது கனமானது. ஆனால் நாற்காலியை இழுக்கும்போது ஸ்லாப்பையே நேரடியாகத் தட்டுகிறோம். அதுவே ஸ்பீக்கர் மாதிரி ஆகி, கீழ் ரூமில் ஒலிக்குது. மொட்டை மாடியில் தண்ணீர் மோட்டாரை ஸ்லாப்பின் மேல் நேரா போல்ட் போட்டு இறுக்குவதும் இதே கதை. அடியில் ரப்பர் பேட் வைத்தால் போதும். பாத்ரூம் பைப் போகும் சுவரில் கட்டில் தலைமாட்டை வைக்காமல், அலமாரியை வைத்து பிளான் போட்டால் செலவே இல்லை. பழைய வார்ப்பிரும்புக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. இப்போது வரும் மெல்லிய பிவிசி குழாயில், மேல் வீட்டில் ஃபிளஷ் செய்வது கீழ் வீட்டில் நேர்முக வர்ணனை.

சரி, கட்டும்போது வரும் சத்தம்.

போன கோடை லீவில் ஆறு வாரம் ஒரு அடுக்குமாடி சைட்டில் இன்டர்ன்ஷிப். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏதாவது ஒரு மாடியில் பிரேக்கர் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் நான் அதைக் கவனிக்கவே இல்லை, சைட்னா அப்படித்தானே. இரண்டாம் வாரம் ஒவ்வொரு மாடியா ஏறிப்போய் என்ன உடைக்கிறாங்கன்னு பார்க்க ஆரம்பிச்சேன். போன மாசம் கட்டினதை உடைக்கிறாங்க. ஏசி பைப்புக்கு பீமில் ஓட்டை விடலை, இப்போ உடைக்கிறாங்க. பிளம்பிங் டிராயிங் லேட்டா வந்தது, பூசின சுவரைக் கொத்தறாங்க. வீடு வாங்கினவர் சுவிட்ச் போர்டை இடம் மாற்றச் சொன்னார், மறுபடி கொத்தல். பக்கத்துத் தெருக்காரங்க பிரேக்கரைத் திட்டுறாங்க. பிரேக்கர் என்ன செய்யும்? அங்கே கேட்டதில் பெரும்பகுதி, நேரத்துக்கு வராத டிராயிங்கின் சத்தம்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைக்கிறேன். சைட்டைச் சுற்றித் தகரம் கட்டுவது, இயந்திரத்துக்கு மூடி போடுவது எல்லாம் அப்புறம். எலெக்ட்ரிகல், பிளம்பிங், ஏசி மூன்றையும் ஸ்லாப் போடுவதற்கு முன்னாடி ஒரே டிராயிங்கில் பொருத்திப் பார்த்து, வேண்டிய இடத்தில் பைப் துண்டை வைத்துக் காங்கிரீட் போட்டாலே பாதி உடைப்பு இருக்காது. ரூம் அளவை டைல்ஸ் அளவுக்குத் தக்கபடி வைத்தால் வெட்டுவது குறையும். கம்பியை ஃபேக்டரியிலேயே அளவாக வெட்டி வளைத்து வாங்கலாம். இதெல்லாம் செலவையும் குறைக்கும் வேலைகள்.

டைல்ஸ் வெட்டுவதைச் சொன்னேன் இல்லையா. அந்த சைட்டில் டைல்ஸ் போடும் அண்ணன் ஒருத்தர் இருந்தார். நாள் முழுக்கக் கட்டிங் மெஷின், நாலு பக்கமும் சுவர் உள்ள ரூமுக்குள். மெஷினைப் பிடித்திருப்பவர் காதில் அது 100 டெசிபலைத் தொடும். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிஷம். ஒரு நாளைக்கு. "காதுக்கு ஏதாவது போட்டுக்கலாமே அண்ணே"ன்னு கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. "போட்டா மேஸ்திரி கூப்பிடுறது கேக்காது தம்பி, அதுக்கு வேற திட்டு வாங்கணும்"னார். அவர் போனை எடுத்து வீட்டில் பேசினால் மூணாவது மாடி வரைக்கும் கேட்கும். சைட்டில் எல்லாரும் அதைக் கிண்டல் செய்வார்கள். அவருக்கு வயசு நாற்பதுகூட இருக்காது.

ஒலி மாசு பற்றிப் பேசும்போது நாம எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்தச் சத்தத்துக்கு மிக அருகில் இருப்பவர், அங்கேயே தகர ஷெட்டில் ராத்திரியும் தங்குபவர், நம்ம கணக்கில் வருவதே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒலி மாசு விதிகள் 2000லேயே வந்தாச்சு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45. ஆஸ்பத்திரி, கோர்ட்டு, நம்ம மாதிரி கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக்கலாம். அங்கே 50, 40. குடியிருப்பிலும் அமைதி மண்டலத்திலும் ராத்திரி நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டக்கூடாது என்று 2010ல் திருத்தமும் வந்தது. ஆனால் சென்னை மாதிரி ஊரில் பகலில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு. பகலில் லாரி வரக்கூடாது, ராத்திரி சத்தம் வரக்கூடாது. அப்போ ரெடிமிக்ஸ் எப்போதான் வரும்? ராத்திரிதான் வருது. இரண்டு துறையும் ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஸ்லாப் போடும் ராத்திரியையாவது பொறுத்துக்கொள்ளலாம், காங்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. ராத்திரி 11 மணிக்கு கிரானைட் வெட்டுவதற்கு என்ன காரணம் சொல்வாங்க?

ஜப்பானில் 1968லேயே ஒலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. அதிகச் சத்தம் வரும் கட்டுமான வேலைகளுக்கு சைட் எல்லையில் 85 டெசிபல்தான் உச்சவரம்பு. 1975ல் அங்கேதான் கீகென் கம்பெனி, தூண்களைச் சுத்தியலால் அடிக்காமல் ஹைட்ராலிக் அழுத்தத்தால் மண்ணுக்குள் இறக்கும் இயந்திரத்தைச் செய்தது. வைப்ரேட்டரே தேவைப்படாமல் தானாகப் பரவி நிரம்பும் காங்கிரீட்டும் 1980களின் கடைசியில் டோக்கியோவில் பிறந்ததுதான். அதற்குச் சொன்ன காரணம் வேற, உழைப்பு ஆள் பற்றாக்குறையும் காங்கிரீட்டின் ஆயுளும். ஆனால் கூடவே சைட்டில் ஒரு சத்தமும் நின்னுபோச்சு.

நீங்க கேட்கப்போறது தெரியும். "நம்ம ஊர் வெக்கையில் ஜன்னலைத் திறந்துதானே வைக்கணும், அப்புறம் சுவர் எத்தனை டெசிபல் தடுத்தா என்ன?" நியாயமான கேள்வி. இரட்டைக் கண்ணாடி போட்டு மூடி ஏசி போடுங்க என்ற வெளிநாட்டுப் பதில் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஒத்துவராது. திறந்த ஜன்னல் 10, 15 டெசிபலுக்கு மேல் தடுக்காது, அதை மாற்ற முடியாது. அப்போ மிஞ்சுவது பிளான்தான். ரோட்டுப் பக்கம் மாடிப்படி, சமையலறை, பாத்ரூம், பின்பக்கம் படுக்கையறை. பால்கனிக்குக் கம்பி கிரில்லுக்குப் பதில் கட்டின கைப்பிடிச் சுவர். ஜெனரேட்டர், மோட்டார், லிஃப்ட் எதுவும் தூங்குபவர் தலைமாட்டில் இல்லாமல் இருப்பது. வாஸ்து பார்த்து ரூமைத் திருப்புகிறோமே, காதுக்காக ஒரு தடவை திருப்பினால் என்ன?

இப்போ ஏன் இதையெல்லாம் எழுதுறேன் என்றால், நம்ம புது ஹாஸ்டல் பிளாக்கின் பிளானை டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்காங்க, பார்த்திருப்பீங்க. நாலு மாடி, நடுவில் ஒரு நீளமான காரிடார், இரண்டு பக்கமும் ரூம், தரை முழுக்க விட்ரிஃபைட். ரூம்களுக்கு நடுவில் 4 இன்ச் பிளாக். ஜெனரேட்டர் தரைத்தளத்தில் கடைசி ரூமின் ஜன்னலுக்கு நேர் எதிரே. புது ஜெனரேட்டருக்கு மூடியிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபல் வரை சட்டமே அனுமதிக்குது. அந்த ஜன்னல் ரொம்ப தூரத்தில் இல்லை. நமக்கு அங்கே ரூம் கிடைக்காது, மே மாசம் கிளம்பிடுவோம். இப்போ ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறவங்க மூணாம் வருஷம் செமஸ்டர் எக்ஸாம் சமயத்தில், கரண்ட் போன ராத்திரியில் அந்த ஜன்னலுக்கு உள்ளே இருப்பாங்க.

இன்னும் டெண்டர் விடலை. கேட்க வேண்டியது நாலே விஷயம்: ஜெனரேட்டரை ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் தள்ளணும், ரூம்களுக்கு நடுவில் சாலிட் பிளாக், கதவுகளுக்கு அடியில் ரப்பர் பட்டை, காரிடார் சீலிங்கில் உறிஞ்சு பலகை. நாலாவதைக் காசு இல்லைன்னு வெட்டினாலும் வெட்டுவாங்க. முதல் மூணுக்கும் பெரிய செலவு இல்லை. கணக்கெல்லாம் சேர்த்து வார்டன் சாருக்கும் எச்ஓடி மேடத்துக்கும் ஒரு கடிதம் தயார் பண்ணியிருக்கோம். ஃபைனல் இயர் சிவில் கிளாஸில், கரும்பலகைக்குப் பக்கத்து மேசையில் இருக்கு. வெள்ளிக்கிழமை கொடுக்கிறோம். எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் வந்து படிச்சுப் பாருங்க, சரின்னு பட்டா கையெழுத்து போடுங்க. கணக்கில் தப்பு இருந்தா, அங்கேயே பென்சில் இருக்கு.